குடிநோயும் நம் வாய்ச்சொல்லும்

‘குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு’ என்பது நம் முன்னோர் மொழி. குடிகாரனை நோக்கி மற்றவர் பேசும் பேச்சு என்னவாகும் என்பதை அவர்கள் சொல்லாமல் விட்டுவிட்டனர். அதுவும் விடிந்தால் போகிற பேச்சுத்தான் என்றால் கேடில்லை. காற்றோடு போகட்டும் என்று விட்டுவிடலாம். சில வேளைகளில் அது போகும்போது ஓர் உயிரையும் உடன்கொண்டு போய்விடுகிறது. அந்தப் பேச்சைப் பற்றியதே இக்கட்டுரை. அதைப் பேசுவோருள் நாமும் இருக்கின்றோம் என்பதால், ஆசிரியர்களுக்கும் நாளை ஆசிரியராகப் போகும் மாணவர்களுக்கும் இதை எழுதுகின்றேன். சிலருக்குக் கசக்கும். கசக்கட்டும்.

எங்கள் பள்ளிப் பெற்றோரின் புலனக் குழுவில் ஒரு நாள் விளம்பரம் ஒன்று வந்து விழுந்தது. ‘குடிப்பவருக்குத் தெரியாமலேயே உணவில் கலந்து கொடுக்கலாம். மணமில்லை, சுவையில்லை. சில நாள்களில் மதுவின் வாடையே பிடிக்காமற் போய்விடும். உங்கள் குடும்பத்தில் மீண்டும் ஒளி.’ கீழே தொலைபேசி எண்; பணம் செலுத்தும் வழி; கைகூப்பும் படம். அதை அனுப்பியவர் தோட்டத்துப் பாமரர் அல்லர், படித்தவர், நம் தொழிலைச் சேர்ந்தவர். ‘யாருக்காவது பயன்படட்டும்’ என்று மேலே ஒரு வரியும் சேர்த்திருந்தார். மறுநாள் மூன்று தாய்மார்கள் அந்த எண்ணைப் பற்றி என்னிடம் கேட்டனர்.

அப்பொடியில் என்ன இருக்கிறது என்று அனுப்பியவருக்குத் தெரியாது. விற்பவரோ சொல்லமாட்டார். மூலிகை என்பார், எந்த மூலிகை என்று கேட்டால் பரம்பரை இரகசியம் என்பார். வெறும் மாவாக இருந்தால் போவது பணம். வெறும் மாவாக இல்லாவிட்டால்? ‘டைசல்ஃபிராம்’ என்றொரு மருந்து உண்டு. இத்தகைய இரகசியப் பொடிகள் சிலவற்றில் அது கலந்திருக்கக் கண்டதுண்டு. ஆதலின் அதன் கதையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இரப்பர் மரத்தின் நிழலில் வளர்ந்த நமக்கு அது அயலார் கதையும் அன்று.

இரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்து இறுகச் செய்யும் வேலையை விரைவுபடுத்தச் சில வேதிப்பொருள்களைச் சேர்ப்பார்கள். அமெரிக்காவில் ஓர் இரப்பர் ஆலையின் மருத்துவர், அத்தகைய பொருளைக் கையாளும் தொழிலாளர்கள் சிறிது மது அருந்தினாலும் முகம் சிவந்து துன்புறுவதைக் கண்டு 1937ஆம் ஆண்டில் எழுதினார். சில ஆண்டுகள் கழித்து டென்மார்க்கில் ஹால்ட், யாக்கோப்சன் என்னும் ஆய்வாளர் இருவர், அதே இனத்தைச் சேர்ந்த ஒரு பொருள் குடற்புழுவுக்கு மருந்தாகுமா என்று ஆராய்ந்தபோது, தாமே அதை விழுங்கிப் பார்த்தனர். பிறகு மது அருந்தியபோது ஆலைத் தொழிலாளருக்கு நேர்ந்ததே அவர்களுக்கும் நேர்ந்தது. அவ்வாறு பிறந்ததுதான் ‘அண்டபியூஸ்’ என்று கடைப்பெயர் பெற்ற டைசல்ஃபிராம். நம் பாட்டனார் சீவிய பால் போய்ச் சேர்ந்த ஆலைகளில்தான் இம்மருந்தின் முதற்சாடை தென்பட்டது என்பது நினைத்துப் பார்க்கத்தக்கது.

அது செய்யும் வேலை இதுதான். உடலுக்குள் சென்ற மது முதலில் அசிட்டால்டிஹைடு என்னும் நச்சுப்பொருளாக மாறும். பின்னர் அந்நஞ்சு முறிந்து வெளியேறும். இரண்டாம் படியை இம்மருந்து அடைத்துவிடுகிறது. நஞ்சு உடலிலேயே தேங்குகிறது. முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், குருதி அழுத்தம் சரியும். இதயம் பழுதுபட்டவன் மாண்டும் போகலாம். அதனால்தான் மருத்துவர் இதைக் கொடுக்கும்முன் கல்லீரலையும் இதயத்தையும் சோதிக்கின்றார். பன்னிரண்டு மணி நேரமாவது மது தொடாதிருந்தவனுக்கே கொடுக்கின்றார். இருமல் மருந்தில் உள்ள சிறிதளவு மதுவும் ஆகாது என்று எச்சரிக்கின்றார். மருந்தை நிறுத்தினாலும் இரண்டு கிழமை வரை அதன் ஆற்றல் நிற்கும் என்று சொல்லி வைக்கின்றார். இவை அனைத்துக்கும் மேலாக, நோயாளியின் இசைவைக் கேட்கின்றார். அந்த இசைவைத்தான் நம் விளம்பரக்காரர் ‘தெரியாமலேயே’ என்னும் ஒரு சொல்லால் துடைத்தெறிகின்றார். குழம்பில் கலந்து ஊற்றுகிற மனைவி, அன்று மாலை அவன் குடித்துவிட்டு வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழும்போது, மருத்துவரிடம் என்ன சொல்வாள்? பொடியின் பெயரே அவளுக்குத் தெரியாதே!

விற்பவன் பொல்லாதவன் என்பதோடு இக்கதை முடிந்தால் எழுதுவது எளிது. பொல்லாங்கு இல்லாமலே கேடு செய்கிறவர்கள் உண்டு. அவர்களுள் ஒருவனை நான் நன்கறிவேன், அவன் நான்தான்.

பயிற்சி முடித்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். ஒரு தோட்டப் பள்ளியில் பணி. நான்காம் ஆண்டு மாணவன் ஒருவனின் தாய் பள்ளி முடிந்த பிறகு வந்து நின்றார். கணவர் பல ஆண்டுகளாக நாள் தவறாமல் சம்சு குடிப்பவர். ‘காலையிலே கை உதறுது, ஐயா. ஊத்தினாத்தான் நிக்குது’ என்றார். நோய் இன்னதென்று மருத்துவர் அறிவதற்கு வேண்டியது முழுவதும் அவ்விரண்டு வரிகளில் இருந்தது. எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை. ‘அம்மா, இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். வெளியே விடாதீர்கள். நான்கு நாள் பொறுத்தால் உடம்பு தெளிந்துவிடும்’ என்றேன். படித்தவன் சொல், அந்த வீட்டில் அது சட்டம் ஆயிற்று. மச்சான்மார் இருவர் வாசலில் உட்கார்ந்துகொண்டனர்.

முதல் இரவு நடுக்கம், வியர்வை. மறுநாள் பிற்பகலில் அவர் வெட்டுண்ட மரம் போல் சாய்ந்தார், வலிப்பு, நாக்கைக் கடித்துக்கொண்டார். மூன்றாம் நாள் சுவரில் பாம்பு ஊர்கிறது என்று கூவினார். காற்றுக் கருப்பு என்று பூசாரியை அழைத்து வந்தனர். அன்றிரவு யாரோ ஒரு நல்லவர் தம் வேனில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பிழைத்தார். நான் பார்க்கச் சென்றபோது அந்த அம்மையார், ‘நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க, ஐயா’ என்றார். என்னை அவர் ஏசியிருந்தால் இந்நேரம் நான் மறந்திருப்பேன்.

ஏன் அவ்வாறு நேர்ந்தது? மது மூளையை அடக்கி மந்தப்படுத்தும் பொருள். நாள்தோறும் அடக்கப்படும் மூளை, அந்த அடக்குமுறைக்கு ஈடாகத் தன் முடுக்கத்தை ஏற்றிக்கொண்டே போகிறது. பல ஆண்டு கழித்து ஒரு நாள் மதுவைத் திடீரென்று எடுத்துவிட்டால், அடக்குவது போய் முடுக்கம் மட்டும் எஞ்சுகிறது. கடைசிக் குடிக்குப் பின் ஆறு மணி நேரமளவில் நடுக்கம் தொடங்கும். வலிப்பு வருமாயின் பெரும்பாலும் முதல் இரண்டு நாள்களுக்குள் வரும். மூன்றாம், நான்காம் நாள்களில் சிலருக்குச் சித்தம் கலங்கி, இல்லாதவை தோன்றி, காய்ச்சலும் படபடப்பும் மேலிடும். மருத்துவம் கிட்டாவிட்டால் அந்நிலை உயிரைக் கொண்டுபோகவும் கூடும். அபினியை விட்டவன் படும் வேதனை கொடிது. ஆயினும் அந்த வேதனையால் மட்டும் அவன் சாவது அரிது. மதுவைத் திடீரென விட்டவன் சாகலாம். ஊரார் நினைப்பு இதற்கு நேர்மாறாக அன்றோ இருக்கிறது!

குடிப்பவர் எல்லாருக்கும் இவ்வாறு நேர்வதில்லை. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர், காலையில் கை உதறுபவர், முன்பு வலிப்புக் கண்டவர் ஆகியோருக்கே அச்சம் பெரிது. அத்தகையோர் மருத்துவரைக் காணும்முன் ஒரேயடியாக நிறுத்தலாகாது. மருத்துவமனையில் டையசிபாம் போன்ற மருந்தைக் கொடுத்துச் சில நாள்களில் படிப்படியாகக் குறைத்து, மூளையைப் பதமாக இறக்குகின்றனர். தயாமின் எனப்படும் பி1 உயிர்ச்சத்தைக் கொடுக்கின்றனர். குடிநோயாளி பலருக்கு அச்சத்து வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை நிலையாகப் பழுதுபடவும் கூடும். இவ்வளவு நுட்பமான ஒரு காரியத்தைக் கதவைப் பூட்டிவிட்டு வாசலில் இரண்டு மச்சான்மாரை உட்காரவைத்து நடத்த முனைந்தவன் நான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2018ஆம் ஆண்டு செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரத்தில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து 40க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024ஆம் ஆண்டு ஜூனில் தமிழகத்துக் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மெத்தனால் குடித்தவுடன் கொல்வதில்லை. அரை நாளோ ஒரு நாளோ கழித்துத்தான் பார்வை மங்கும், வயிறு வலிக்கும், மூச்சு வாங்கும். ‘நேற்றைய போதை இன்னும் இறங்கவில்லை, மோர் கொடு, எலுமிச்சை பிழிந்து கொடு’ என்று வீட்டார் காலம் கழிக்கும் அந்த மணி நேரங்களில்தான் கண்ணும் உயிரும் போகின்றன. மருத்துவமனையில் அதற்கு மாற்று மருந்து உண்டு. குருதியைத் தூய்மைசெய்யும் முறையும் உண்டு. மோரில் அது இல்லை.

குடியை எதிர்ப்பதில் நம்மினத்துக்குப் பழம்பெருமை உண்டு. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் வைத்த கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. 1947இல் கெடாவில் தொண்டர் படையினர் பீடோங் கள்ளுக்கடை முன் மறியல் செய்து காவலரின் அடியை வாங்கினர். லயன் வீட்டின் பக்கத்திலேயே கள்ளுக்கடையை வைத்து, கொடுத்த கூலியைக் குவளையில் திரும்ப வாங்கிக்கொண்ட காலம் அது. அந்தத் தொண்டர்களை நான் வணங்குகின்றேன். ஆனால் அவர்கள் போராடியது கடையோடு. கடைக்குள் ஏற்கனவே விழுந்து கிடந்தவனுக்கு என்ன வழி என்று கேட்க அன்று நேரமும் இல்லை, மருந்தும் இல்லை. இன்று தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புத் தாமான்களாகவும் மாறிவிட்டன. லயன் போயிற்று, புட்டி கூடவே குடிபெயர்ந்து வந்துவிட்டது. மருந்தும் வந்துவிட்டது. நாமோ இன்னும் மறியல் மொழியிலேயே பேசிக்கொண்டிருக்கின்றோம்.

ஆண்டுதோறும் நம் பள்ளிகளில் ‘மதுவின் தீமைகள்’ என்று கட்டுரை எழுதச் சொல்கின்றோம். முன்னுரை, உடற்கேடு, பொருட்கேடு, குடும்பக்கேடு, முடிவுரை. ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் அதை அழகாக எழுதினான். முதல்நாள் இரவு அவன் தன் தாயோடு அண்டை வீட்டில் பதுங்கியிருந்தான் என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. அவன் கட்டுரைக்கு நல்ல மதிப்பெண் இட்டேன். ஒற்றுப்பிழை இரண்டை வட்டமிட்டேன். அவன் தகப்பனைப் பற்றி அவனையே தீர்ப்பெழுதச் செய்துவிட்டு ஒற்றுப்பிழை பார்த்தவனை என்னவென்று சொல்வது?

திருக்குறளின் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. அதில் வள்ளுவர், போதையில் இருப்பவனுக்கு நியாயம் எடுத்துரைப்பதை, நீருக்கடியில் மூழ்கியவனை விளக்கு ஏந்தித் தேடும் செயலுக்கு ஒப்பிடுகின்றார். அறிவுரை அங்கே செல்லாது என்பதே அப்பெருமானின் கருத்து. நாம் அந்தக் குறளையே அறிவுரையாக ஓதிக்கொண்டிருக்கின்றோம். மூழ்கியவனுக்கு வேண்டியது நீந்தத் தெரிந்த ஒருவன். விளக்குகளுக்கு நம்மிடம் பஞ்சமில்லை.

‘குடியை நோய் என்று சொன்னால் குடிகாரனுக்குச் சாக்குக் கிடைத்துவிடாதா?’ என்று கேட்பவர் உண்டு. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956இலேயே அதை நோய் என்று ஏற்றுக்கொண்டது. நீரிழிவும் நோய்தான், அதற்காக நீரிழிவுக்காரனுக்கு இனிப்பு உண்ண எவரும் உரிமைச்சீட்டு வழங்குவதில்லை. நோயாளி என்றால் மருத்துவத்துக்குக் கட்டுப்பட்டவன் என்று பொருள். மனைவியை அடிப்பவன் நோயாளியாயினும் அடி அடிதான். அதற்குக் காவல்நிலையமும் 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டமும் இருக்கின்றன. அப்பெண்ணை நோக்கி ‘பொறுத்துப் போ, அம்மா’ என்பவரும் தீய ஆலோசகர்தாம்.

கோயிலில் கயிறு கட்டிச் சத்தியம் வாங்குவதைப் பற்றியும் கேட்பார்கள். நான் அதைப் பழிக்கமாட்டேன். சூளுரைத்து விட்டவர் சிலரை நானே அறிவேன். ஆனால் கயிறு வலிப்பைத் தடுக்காது. முதலில் மருத்துவரிடம் போய்விட்டு அதே நாளில் கோயிலுக்கும் போகலாம், அம்மன் கோபித்துக்கொள்ளமாட்டாள்.

அப்படியானால் நம்பத்தக்க சொல்லை எப்படி அடையாளம் காண்பது? நான் பட்டறிந்து கண்ட குறி ஒன்று உண்டு. நம்பத்தக்கவன் முதலில் கேட்கின்றான். எவ்வளவு குடிக்கிறார், எத்தனை ஆண்டாக, கடைசியாகக் குடித்தது எப்போது, காலையில் கை உதறுமா, முன்பு வலிப்பு வந்ததா, வேறு என்ன மருந்து உட்கொள்கிறார் என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்கின்றான். உலகச் சுகாதார நிறுவனமே இதற்கெனப் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு வினாநிரலை 1989இல் வகுத்து வெளியிட்டது. பொடி விற்பவன் கேட்பது வீட்டு முகவரி ஒன்றைத்தான். நம்பத்தக்கவன் நாள் குறித்து வாக்குக் கொடுப்பதில்லை. நோய் மீண்டும் தலைதூக்கலாம், அப்போதும் வாருங்கள் என்கின்றான். நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசுகின்றான். முதுகுக்குப் பின்னால் குழம்பில் கலப்பதில்லை. தன் பெயரையும் பொறுப்பையும் வெளிப்படையாகச் சொல்கின்றான். திடீரென நிறுத்துவதில் ஆபத்து உண்டு என்பதைச் சொல்லாத எந்தத் துண்டறிக்கையையும், எந்தக் காணொளியையும், எந்தத் தலைமையாசிரியனையும் நம்பவேண்டா.

இப்படிப்பட்டவர்கள் எங்கோ இமயத்தில் இல்லை. நம் தஞ்சோங் மாலிமில் அரசாங்கச் சுகாதார நிலையம் இருக்கிறது. குடிமக்கள் ஒரு வெள்ளி கட்டி மருத்துவரைக் காணலாம். அங்கிருந்து சிலிம் ரிவர் மருத்துவமனை தொலைவில்லை. சுகாதார அமைச்சு 2022இல் தொடங்கிய 15555 என்னும் மனநல உதவி எண்ணும் உண்டு. வலிப்போ சித்தக் கலக்கமோ கண்டால் எண்ணையெல்லாம் தேடாமல் நேரே அவசரப் பிரிவுக்கே போய்விட வேண்டும். பொடிக்கு நூற்றுக்கணக்கான வெள்ளி கொடுக்கத் துணிபவர்கள் இந்த ஒரு வெள்ளி வாசலுக்குப் போகத் தயங்குவது ஏன்? அங்கே போனால் ‘தஞ்சோங் ரம்புத்தானுக்கு’ அனுப்பிவிடுவார்கள் என்னும் அச்சம்! 1911இல் திறக்கப்பட்ட அந்த மனநல மருத்துவமனையின் இன்றைய பெயர் ‘பகாகியா’. மகிழ்ச்சி என்று பொருள். ஊர்ப்பெயரையோ நாம் வசைச்சொல்லாக்கிவிட்டோம். வகுப்பில் ஒரு பையன் மற்றவனைப் பார்த்து அப்பெயரைச் சொல்லிக் கேலி செய்தால் ஆசிரியரும் சேர்ந்து சிரிக்கின்றார். அந்தச் சிரிப்பு ஒரு வீட்டின் மருத்துவமனை வழியை அடைக்கிறது.

மருத்துவமனைச் சில நாள்கள் தொடக்கம் மட்டுமே. 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள், ஒருவர் பங்குத் தரகர், மற்றவர் மருத்துவர், ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு தொடங்கிய ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ கூட்டங்கள் இன்று நம் நாட்டிலும் நடக்கின்றன. கட்டணம் இல்லை, பெயரை வெளியிடுவதும் இல்லை. சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார், கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த பின், 1980இல் டி.டி.ரங்கநாதன் பெயரில் மருத்துவ ஆய்வு நிறுவனத்தை அமைத்தார். துயரத்தை மூடி மறைக்காமல் மருத்துவமனையாக்கிய பெண்மணி அவர். அங்கே நோயாளியோடு குடும்பத்தாருக்கும் பயிற்சி உண்டு. குடிப்பவன் ஒருவன், நோய்ப்பட்டது வீடு முழுவதும் என்பதை அவர் தம் வீட்டிலேயே கற்றவர்.

இனி எழுத்தாளர் சங்கத்தாரிடம் என் வழக்கு. அந்தப் பொடி விளம்பரத்தை நான் மீண்டும் படித்துப் பார்த்தேன். அதன் தமிழ் நன்றாக இருந்தது. சிறு சிறு வாக்கியங்கள். பெண்ணின் மனமறிந்த சொற்கள். பிழை ஒன்றே ஒன்று. குடிநோய் பற்றி மெய்யான செய்தியைத் தேடிப் போனேன், மலாயில் இருந்தது, ஆங்கிலத்தில் நிரம்ப இருந்தது, தமிழில் கைக்கு அகப்பட்டவை சிலவே. அவற்றுள்ளும் ஒன்றிரண்டு, எழுதியவருக்கே விளங்கியிருக்குமோ என்று ஐயுறத்தக்க மொழிபெயர்ப்பு. பொய்க்கு நல்ல தமிழ் கிடைத்திருக்கிறது. மெய்க்கு இன்னும் எழுத்தாளர் அமையவில்லை. கணினிக்குச் சொல் கண்டோம். முகநூலுக்கும் புலனத்துக்கும் சொல் கண்டோம். அவற்றுக்கு விழாவும் எடுத்தோம். மதுவை நிறுத்தியவனுக்கு இரண்டாம் நாள் வரும் அந்த ஆபத்துக்கு ஊரார் அனைவரும் அறிந்த தமிழ்ப்பெயர் உண்டா? ‘கை உதறுது, ஊத்தினாத்தான் நிக்குது’ என்று அந்தத் தோட்டத்து அம்மையார் சொன்னதைக் காட்டிலும் தெளிவான விளக்கத்தை நான் இன்றுவரை தமிழ் அச்சில் கண்டதில்லை. சிறுகதைப் போட்டிக்கு வரும் கதைகளில் குடிகாரத் தகப்பன் இல்லாத கதை அரிது. அவன் கடைசிப் பக்கத்தில் சாவான், அல்லது திருந்துவான். எந்தக் கதையிலும் அவன் சுகாதார நிலையத்தில் எண் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க நான் கண்டதில்லை.

‘ஆசிரியன் மருத்துவனல்லன், இது நம் வேலையன்று’ என்பது இறுதியாக வரும் தடை. உண்மை. மருத்துவனல்லாத நாம் மருத்துவம் சொல்லிக்கொண்டுதானே இருக்கின்றோம்? நிறுத்தச் சொல்கின்றோம், பூட்டச் சொல்கின்றோம், விளம்பரத்தைப் பரப்புகின்றோம். இவற்றை விட்டுவிட்டு, ‘அம்மா, கை உதறுகிறதென்றால் வீட்டில் வைத்து நிறுத்தவேண்டா, மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், தனியே போக அஞ்சினால் நான் வருகிறேன்’ என்று சொல்லப் பட்டம் எதுவும் வேண்டியதில்லை. 1922இலிருந்து ஆசிரியரைப் பயிற்றும் ஊர் இது. 2016இல் பிறந்த நம் மாவட்டத்தின் பெயரான ‘முஅலிம்’ என்பதற்கும் ஆசான் என்றே பொருள். இங்கே பயிலும் தமிழ் மாணவர்கள் இலக்கணத்தோடு இந்த ஒரு வாக்கியத்தையும் கற்றுக்கொண்டு போகலாம்.

என் பங்குக்கு ஒரு பக்க அறிக்கையைத் தமிழில் எழுதினேன். அறிவியல் ஆசிரியை இரண்டு இடங்களில் திருத்தினார். மருத்துவ அதிகாரி ஒருவரிடம் படித்துக் காட்டினேன். அவர் ஒரு வரியை முற்றிலும் அடித்துவிட்டார். மீதியை அலுவலகச் சுவரிலும் பெற்றோரின் புலனக் குழுவிலும் போட்டிருக்கிறேன். இதுவரை இரண்டு பேர் படி கேட்டு வாங்கியிருக்கின்றனர். ஒருவர், தம் பிள்ளைக்கு மதுவின் தீமைகள் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும் என்றார். இன்னொரு பெண்மணி எதற்கென்று சொல்லவில்லை. மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, சுகாதார நிலையம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று மட்டும் கேட்டார்.